எந்த ஓஎஸ், எந்த லாங்குவேஜ் என்று கேட்பவருக்கு

"அண்ணா, புரோகிராமிங் கத்துக்கணும். லினக்ஸா விண்டோஸா? பைத்தானா ஜாவாவா?" வருடம் முழுக்க எனக்கு வரும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் காலேஜ் முதல் வருடம். இல்லையென்றால் வேறு வேலையில் இருந்துகொண்டே இந்தப் பக்கம் வரப் பார்ப்பவர். பதில் சொல்லி அனுப்பினால் இரண்டு வாரத்தில் அதே ஆள் திரும்பி வருவார். "யூடியூப்ல ஒருத்தர் ஆர்ச் லினக்ஸ்தான் பெஸ்ட்னு சொல்றாரே?" அந்த இரண்டு வாரத்தில் ஒரு வரி கோடு எழுதியிருக்க மாட்டார். ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதை மட்டும் மூன்று முறை மாற்றியிருப்பார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சனி, ஞாயிறில் ஓஎஸ் முதல் கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரை எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டுத் திங்கட்கிழமை கோடு எழுத உட்கார வேண்டும், அவ்வளவுதான் திட்டம். என் விருப்பு வெறுப்புகள் இதில் நிறைய வரும். காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் மெஷின்

புது லேப்டாப் வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். புரோகிராமிங் கற்பதற்காக இஎம்ஐயில் மேக்புக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஐபோனுக்கு ஆப் எழுதுவதாக இருந்தால் ஒழிய மேக் கட்டாயம் என்று சொல்லும் வேலை எதுவும் ஆரம்பத்தில் கிடையாது. வீட்டில் தூங்கும் பழைய மெஷினை எடுங்கள். தமிழக அரசு 2011இல் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த வரிசையில் வந்த மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் பீரோவுக்கு மேல் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பெரும்பாலானோர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு கதை.

பார்க்க வேண்டியவை மூன்று: ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, பிராசசர் 64 பிட்டா. ரேம் 4 ஜிபி இருந்தால் வண்டி ஓடும், 8 இருந்தால் நிம்மதி. காசு செலவழித்தே தீருவேன் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருட லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஓஎஸ் மாற்றினால் மெஷின் பறக்கும் என்பார்கள். பாதி நேரம் அது எஸ்எஸ்டி செய்த வேலை, பெயர் லினக்ஸுக்கு.

மூன்று வழி, அதில் ஒன்று

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும். இன்டெல்லில் சுமார் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகப் பழைய மெஷின்காரர்களுக்கு முடிவு ஏற்கெனவே பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

மெஷின் புதிது, ரேம் 8 ஜிபிக்குக் குறையவில்லை, வீட்டில் மற்றவர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்றால் விண்டோஸை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு உபுண்டுவை ஓட்டும் ஏற்பாடு. கீழே சொல்வதில் டெர்மினலில் இருந்து ஆரம்பித்து எல்லாமே அதில் நடக்கும். 4 ஜிபியில் இதை முயலாதீர்கள், மெஷின் அழும்.

மற்றவர்களுக்கு என் பதில் லினக்ஸ் மின்ட். ரேம் குறைவென்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸில் இருந்து வருபவருக்குக் கீழே பட்டை, மூலையில் மெனு என்று கைக்குப் பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். மின்ட் உபுண்டுவில் இருந்து வந்தது, உபுண்டு டெபியனில் இருந்து. இந்த வம்சாவளி தெரிந்திருப்பது நல்லது. ஏதாவது உடைந்து, தேடும்போது "மின்ட்" என்று போட்டு விடை கிடைக்காவிட்டால் "உபுண்டு" என்று போடுங்கள், அநேகமாகக் கிடைத்துவிடும். புதியவருக்கு ஒரு ஓஎஸ்ஸின் தரத்தைவிட, அதில் அவருக்கு முன்னால் எத்தனை பேர் அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். லினக்ஸின் இன்னொரு வகையான ஆர்ச் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சைக்கிள் பழகும் முன் அதைக் கழற்றி மாட்டப் பழகச் சொல்வது போல் இருக்கிறது என்பதோடு சரி.

போடும் முன்பும் போடும்போதும்

நான் ஹாஸ்டலில் முதல்முறை லினக்ஸ் போட்டது என் மெஷினில் இல்லை, ரூம்மேட்டின் மெஷினில். இன்ஸ்டாலர் ஒரு இடத்தில் "டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா" என்று கேட்கும். இரவு ஒரு மணி. நான் முதல் பொத்தானை அழுத்தினேன். அவன் மூன்று மாதம் எழுதிய புராஜெக்ட் ரிப்போர்ட், அக்கா கல்யாணப் படங்கள், எல்லாம் போயின. இன்றும் அவன் என்னோடு பேசுகிறான். அது அவன் பெருந்தன்மை.

அதனால் முதல் வேலை, வேண்டியதையெல்லாம் வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ எடுத்து வைப்பது. எடுத்து வைத்ததில் இரண்டு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். இரண்டாவது, விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பார்கள். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பையோ டிஸ்க்கின் பார்ட்டிஷன்களையோ தொட்டதும் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. மூன்றாவது, விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸில் இருந்து அதன் டிரைவைத் தொடுவது நல்லதல்ல.

பிறகு மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு ஓஎஸ்ஸும் ஒரே ஃபைலாக) இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருள் கொண்டு அதில் ஏற்றுங்கள்; பென்டிரைவில் இருந்தது அழிந்துபோகும். மெஷினை அணைத்துப் போடும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: எஃப்12, எஃப்9, எஸ்கேப். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் எதையும் அழிக்காமல் நேராக அதில் இருந்தே ஓடும்.

இங்கே அவசரப்படாதீர்கள். இன்ஸ்டால் பொத்தானை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா பயன்படுத்துங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். சில வைஃபை சிப்களுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டிவரும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால் போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டை மெஷினுக்குத் தரும் வசதி) போடுங்கள். சொருகியதும் வேலை செய்யும்.

எல்லாம் சரியென்றால் இன்ஸ்டால். விண்டோஸ் இருக்க வேண்டுமென்றால் "பக்கத்தில்" என்பதைத் தேர்ந்தெடுத்து லினக்ஸுக்கு 60, 70 ஜிபியாவது கொடுங்கள். முடிந்த பிறகு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டக்கூடும். வைரஸ் இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கும். டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் ஒரு வரி, சரியாகிவிடும்.

தமிழும் டெர்மினலும்

மெஷின் எழுந்ததும் நான் முதலில் போடுவது தமிழ் விசைப்பலகை. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதோடு அதன் எம்17என் தொகுப்பு. அதில் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும், புள்ளி தானாக விழும். தங்கிலீஷில் அடித்துப் பழகியவருக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அதற்குப் பிறகு திரும்பிப் போக மாட்டார். கோடு எழுத இது தேவையில்லைதான். ஆனால் குறிப்பு எழுதவும், கீழே வரும் ஒரு விளையாட்டுக்கும் தேவை.

அடுத்தது டெர்மினல், கட்டளைகளைத் தட்டி மெஷினிடம் வேலை வாங்கும் ஜன்னல். கறுப்புத் திரையைப் பார்த்து மிரள வேண்டாம். இன்று தேவை ஐந்து கட்டளை: எங்கே இருக்கிறேன் என்று கேட்க பிடபிள்யூடி, என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ், உள்ளே போக சிடி, ஃபோல்டர் உருவாக்க எம்கேடிர், நகர்த்தவும் பெயர் மாற்றவும் எம்வி. அழிக்கும் ஆர்எம்மை அடுத்த வாரம் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குக் குப்பைத் தொட்டி கிடையாது. பெயரில் பாதி அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். இது தெரியாமல் ஒரு செமஸ்டர் முழுக்க நீளமான பெயர்களை எழுத்தெழுத்தாக அடித்த பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் இருந்து வருபவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. "போட்டோ" என்ற ஃபைலின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் கோடில் சின்னதாக அழைத்தால் விண்டோஸில் ஓடும், சர்வரில் ஓடாது. சர்வர்கள் அநேகமாக லினக்ஸ் என்பதால், இதை இப்போதே பட்டுத் தெரிந்துகொள்வது மலிவு.

மொழி: ஒரே கணக்கை மூன்று இடத்தில் போட்டுப் பாருங்கள்

மொழிச் சண்டைகளில் பாதி, ஆளுக்கொரு சினிமா ஹீரோ வைத்திருப்பதைப் போலத்தான். எந்த மொழிக்கு வேலை அதிகம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். நீங்கள் படித்து முடிக்கும்போது பதில் மாறியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஃபேக்டோரியல். 8ஐ எடுத்து 1 வரை பெருக்கினால் 40320. பள்ளிக்கூடக் கணக்கு.

நம் ஊர் லேப்கள் பலவற்றில் நீலத் திரையோடு டர்போ சி என்ற சி மொழி மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ் காலத்தில் போர்லாண்ட் கம்பெனி வெளியிட்டது. அதில் முழு எண்ணுக்கான சாதாரண இன்ட் வகையில் இந்தக் கணக்கைப் போட்டால் விடை மைனஸ் 25216. அதில் இன்ட் என்றால் 16 பிட், 32767க்கு மேல் இடமில்லை, வழிந்து மறுபக்கம் போய்விடுகிறது. அதே கோடை உங்கள் மின்ட்டில் ஜிசிசி என்ற சி கம்பைலர் கொண்டு ஓட்டுங்கள். 40320 சரியாக வரும், ஏனென்றால் இங்கே இன்ட் 32 பிட். சந்தோஷப்பட்டு 13க்குப் போட்டால் பெரும்பாலும் 1932053504 என்று வரும். உண்மையான விடை 6227020800. மைனஸ்கூட இல்லை, பார்க்க ஒழுங்கான எண்; அதுதான் பயங்கரம். பைத்தானில் 13 என்ன, 100 போட்டாலும் 158 இலக்கத்தையும் சரியாக வரிசையாகக் கொட்டும்.

இதில் இருந்து என் வரிசை: முதலில் பைத்தான், ஆறு மாதம் கழித்து சி. பைத்தானில் நீங்கள் கணக்கைப் பற்றி யோசிக்கலாம், பெட்டியின் அளவைப் பற்றி அல்ல. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் அதுதான் இருக்கிறது, அதனால் பலருக்குப் பாதி பழக்கம் ஏற்கெனவே உண்டு. பிறகு சிக்கு வந்தால், பைத்தான் உங்களிடம் இருந்து எதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது என்று தெரியும். முதலிலேயே சி படித்தால்தான் அஸ்திவாரம் என்று சொல்லும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன், ஒத்துப்போவதில்லை. ஒரே நிபந்தனை, சி கற்கும்போது டர்போ சியில் கற்காதீர்கள். கோனியோ, கிளியர் ஸ்கிரீன், வாய்ட் மெயின் என்று அங்கே கைக்குப் பழகுபவை வெளியே செல்லாத காசு. லேப் தேர்வுக்கு அதுதான் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும். வீட்டில் ஜிசிசி, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் மைனஸ் டபிள்யூ ஆல் என்ற தேர்வோடு (இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து).

வெப்சைட்தான் ஆசை என்றால் பைத்தானை விட்டு நேராக ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போகலாம். பிரவுசருக்குள் வேறு மொழிக்கு அவ்வளவு இடமில்லை. 1995இல் பத்து நாளில் முதல் வடிவம் எழுதப்பட்ட மொழி, அந்த அவசரம் சில மூலைகளில் இன்றும் தெரியும். ஜாவா, கோ, ரஸ்ட் எல்லாம் இரண்டாவது வருடப் பேச்சு.

இப்போது அந்த விளையாட்டு. பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நாம் மூன்று எழுத்து என்போம். அது 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோட் (எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொது முறை) குறிகளை எண்ணுகிறது. சியில் கேட்டால் 15, ஏனென்றால் அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஜாவாஸ்கிரிப்ட் 5 என்னும், கோ மொழி 15 என்னும். நம்மைப் போல 3 என்று எண்ணுவது ஸ்விஃப்ட் மொழி. அடுத்து அதே சொல்லைப் பைத்தானில் பின்னிருந்து முன்னாகத் திருப்புங்கள். முதலில் அநாதையாக ஒரு புள்ளி, பிறகு ழி, ம, த. மகரத்தின் கொக்கி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் ஏன் உளறுகின்றன என்று இந்த ஒரு வரியில் புரிந்துவிடும். (டெர்மினலில் தமிழ் கொஞ்சம் கோணலாகவே தெரியும். எடிட்டரில் ஒட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும், உங்கள் தவறு இல்லை.)

உங்கள் முதல் புராஜெக்ட் இதுவாகவே இருக்கட்டும்: ஒரு பெயரைக் கொடுத்தால் அதில் எத்தனை தமிழ் எழுத்து என்று சொல்லும் நிரல். முதலில் சொந்தமாக முயலுங்கள். கொக்கியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடு என்ற ஒரு விதியிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். க்ஷவை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்ற இடத்தில் தலையைச் சொறிவீர்கள், நல்லது. பிறகு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகத்தைப் போட்டு, அவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள்.

நூலகம் போடும்போது வரும் சிவப்பு எழுத்து

பைத்தான் நூலகங்களைப் போடும் பிப் என்ற கருவி கொண்டு ஓப்பன்-தமிழைப் போடப் போனால் புதிய மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாம் மறுக்கும். "இந்தச் சூழலை வெளியில் இருந்து நிர்வகிக்கிறார்கள்" என்ற பொருளில் நீளமாக ஒரு எர்ரர். மெஷினின் பல பாகங்கள் அதே பைத்தானில் ஓடுகின்றன, நீங்கள் எதையாவது மாற்றி அதை உடைத்துவிடக் கூடாது என்ற கவலை அதற்கு. இணையத்தில் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற தேர்வைச் சேர்த்தால் ஓடும் என்று சொல்லித் தருவார்கள். பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இருந்தும் செய்கிறார்கள்.

சரியான வழி வென்வ். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் தனியாக ஒரு குட்டிப் பைத்தான். பைத்தான்3-வென்வ் தொகுப்பை ஒருமுறை போட்டு, ஃபோல்டருக்குள் வென்வ் உருவாக்கி, சோர்ஸ் கட்டளையால் அதை இயக்கினால் டெர்மினல் வரியின் முன்னால் அதன் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். இனி பிப் சமர்த்தாக இருக்கும். டெர்மினலை மூடித் திறந்தால் மறுபடி இயக்க வேண்டும். "நேற்று ஓடியது இன்று ஓடவில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எடிட்டர்

கோடு எழுதும் எடிட்டர்களில் விம்மா ஈமேக்ஸா என்ற சண்டை, இதைப் படிக்கும் பலர் பிறக்கும் முன்பே தொடங்கி இப்போது ஓய்ந்துவிட்டது. ஓய்ந்ததற்குப் பெரிய காரணம் 2015இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விஎஸ் கோட், இரண்டு தரப்பில் இருந்தும் ஆளை இழுத்துக்கொண்டது. 8 ஜிபி மெஷினுக்கு அதுவே போதும். அதே மூலத்தில் இருந்து மைக்ரோசாஃப்டின் கண்காணிப்பு இல்லாமல் கட்டப்படும் விஎஸ்கோடியமும் உண்டு.

4 ஜிபி மெஷினில் விஎஸ் கோடும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அங்கே தானி போடுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பைத்தான் கற்பவர்களுக்காகவே உருவானது. கோடை ஒவ்வொரு அடியாக ஓட்டி, எந்த மாறிக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். "குழந்தைங்க சாஃப்ட்வேர் மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்த ஒருவர், லூப் எப்படிச் சுற்றுகிறது என்பதை அதில்தான் முதல்முறை கண்ணால் பார்த்தார்.

விம்மில் இருந்து வெளியே வர மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். என்றாவது ஒரு சர்வரில் கதவு மூடிக்கொள்ளும், அன்று இது சாவி.

ஏஐ கோடு எழுதித் தரும் வசதிகளை முதல் மூன்று மாதம் அணைத்து வையுங்கள். விளக்கம் கேட்கலாம், தப்பில்லை. நீங்கள் அடிக்கும் முன்பே வரி முழுவதையும் சாம்பல் நிறத்தில் நிரப்பிக் காட்டுவதைத்தான் சொல்கிறேன். டேப் தட்டித் தட்டி ஓடிய நிரல் ஒன்று உடையும்போது, அதில் எந்த வரி உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது.

கிட்

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுத ஆரம்பித்தார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதும் குழு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி போனதுதான் காரணம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்காகச் செய்தது என்பதால் தனி ஆளுக்கு முதலில் மலைப்பாக இருக்கும். "ஃபைனல்", "ஃபைனல்2", "ஒரிஜினல் ஃபைனல்" என்று ஃபைல் வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கிட்டின் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுத்து எண்ணும் புராஜெக்ட் ஃபோல்டரில் கிட் இனிட். பெயரையும் மின்னஞ்சலையும் கிட் கான்ஃபிக்கில் கொடுக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் நீங்கள் வெளியே ஏற்றும் ஒவ்வொரு கமிட்டிலும் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) ஊருக்கே தெரியும் என்பதால், கிட் புராஜெக்ட்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் தரும் மறைமுக முகவரியைக் கொடுங்கள். வென்வ் ஃபோல்டரை கிட் கண்டுகொள்ளாமல் இருக்க, அதன் பெயரை கிட்இக்னோர் (முன்னால் ஒரு புள்ளியோடு) என்ற ஃபைலில் எழுதுங்கள். பிறகு கிட் ஆட், கிட் கமிட். கமிட் செய்தியைத் தமிழில் எழுதலாம், சிக்கல் இல்லை. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் மட்டும் கிட் ஸ்டேட்டஸ் அதை 340, 256 என்று பின்சாய்வுக் கோடுகளோடு எண்களாகக் காட்டும். கோர் புள்ளி க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகத் தெரியும்.

எப்போது கமிட் செய்வது? ஒரு சின்ன விஷயம் ஓட ஆரம்பித்ததும். "புள்ளியை முந்தைய எழுத்தோடு சேர்த்தேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற அளவு. சொல்ல இரண்டு "மேலும்" தேவைப்பட்டால் தாமதித்துவிட்டீர்கள்.

கிட்ஹப்பில் ஏற்றும்போது டெர்மினல் பாஸ்வேர்ட் கேட்கும், சரியாகக் கொடுத்தாலும் தள்ளிவிடும். 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்ட் செல்லாது. டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் ஃபைல் ஜோடி) வேண்டும். எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கிக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. பப் என்று முடியும் ஃபைலில் இருப்பதைத்தான் கிட்ஹப்பில் ஒட்ட வேண்டும். அதன் ஜோடி ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

மாட்டிக்கொண்டால்

பைத்தான் எர்ரரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் என்ன தப்பு என்று இருக்கும், அதற்கு மேலே எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அதில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு இருபது சொற்கள்தான்.

அப்படியும் புரியாவிட்டால் கேளுங்கள். சென்னையில் ஐஎல்யூஜிசி என்ற லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக இருக்கிறது, கணியம் தளத்தில் தமிழிலேயே படிக்கக் கட்டுரைகள் உண்டு. கேட்கும்போது நான்கு விஷயம் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்: எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன வந்தது. எர்ரரை எழுத்தாகவே காப்பி செய்து ஒட்டுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் வருபவை பெரும்பாலும் போனில் சாய்வாக எடுத்த திரைப் படங்கள். டியூப்லைட் வெளிச்சம் நடுவில் விழுந்திருக்கும், எடுத்தவரின் கட்டைவிரல் ஓரத்தில் இருக்கும், கடைசி வரி மட்டும் படத்துக்கு வெளியே போயிருக்கும். அதைத் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில்தான் இந்தக் கட்டுரையைப் பாதி எழுதினேன்.